திருகாணி மேல் மினுக்கு

அத்தியாயம் 8

நான்கு மணிக்கு ஜீப் கிளம்பிவிடும். இப்போது ஒன்று பத்து.

காவல் நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தை நாலாவது தடவையாகப் பார்த்துவிட்டு, பம்பரம் மறுபடியும் நாற்காலியைச் சுற்றி வந்தார். ஐம்பத்திரண்டு வயதுத் துப்பறிவாளருக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஓரிடத்தில் உட்கார அவருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தவர். பதவி உயர்வு என்று மேசையும் நாற்காலியும் கொடுத்த மறுநாளே வேலையை விட்டார்.

"பாஸ், ஒண்ணு உட்காருங்க, இல்ல ராட்டினம்னு போர்டு வச்சு டிக்கெட் குடுங்க," என்றாள் ரேடியோ.

ரேடியோ அவருடைய உதவியாளர். நாற்பதைத் தொடப் போகிறவள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தாள். பயணிகளோடு மைக்கிலேயே சண்டை போட்டதற்காக மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாய் மட்டும் அவளோடு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கேஸ்ல ஒண்ணும் மர்மம் இல்ல. ஒரு வீட்ல பழைய ஃப்யூஸ் பெட்டியைக் கழட்டிட்டு விதிப்படி புது மெயின் போர்டு போடணும்னு கூப்பிட்டாங்க. அதோ உட்கார்ந்திருக்காரே கரண்ட்காரர், அவர் போன திங்கட்கிழமை போட்டார். சனிக்கிழமை காலையில வீட்டுப் பெரியவர் குளிக்கப் போய், ஷவர் குழாயைத் தொட்டதும் ஷாக். இன்னும் கண்ணு முழிக்கல."

"புது போர்டுல ஷாக் அடிச்சா கட் பண்ற டிரிப்பர் இருக்குமே?" என்று கேட்டார் பம்பரம்.

"இருக்கு. இடது பக்கம் பூரா அதோட காவல்லதான் இருக்கு. வலது பக்கம் ரெண்டே சுவிட்ச், அதுக்குக் காவல் கிடையாது. திருட்டு அலாரத்துக்கு ஒண்ணு, பின்னாடி மோட்டார் வந்தா ஆகும்னு காலியா விட்டது ஒண்ணு. இந்த மனுஷன் வாட்டர் ஹீட்டரைக் கொண்டு போய் அந்தக் காலி இடத்துல மாட்டி வச்சிருக்கார்."

"வேற யாராவது பிற்பாடு மாத்தியிருந்தா?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த சிரிப்பு. "இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. திருகாணியை முறுக்கினதும் அது தலையில நகப்பூச்சால ஒரு கோடு இழுத்து விடுவார். யாராவது அப்புறம் திருகினா கோடு உடைஞ்சுடும். ஹீட்டர் திருகாணில கோடு உடையல. நேத்து கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். விரலால தடவிப் பார்த்தார். 'ஆமா, என் பூச்சுதான்'னார். எழுதியும் குடுத்துட்டார். நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தப் போறேன்."

மூலை பெஞ்சில் கரண்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெடிய உருவம், பெரிய கைகள். இன்ஸ்பெக்டர் பேசப் பேச அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார். மடியில கனம்," என்றார் இன்ஸ்பெக்டர். ஏட்டு நீட்டிய காகிதத்தில் கரண்ட்காரர் கையெழுத்துப் போட்டார். கோடு ஒரு பக்கம் இருக்க, எழுத்து வேறொரு பக்கம் ஏறிப்போனது.

"படிக்காமலே போடறார் பாஸ். எங்க வீட்டுக்காரர் கல்யாணப் பதிவேட்டுல இப்படித்தான் போட்டார். அப்புறம் பதினஞ்சு வருஷமா படிச்சிட்டிருக்கார்."

பம்பரம் சிரிக்கவில்லை. கரண்ட்காரர் பேனாவைத் திருப்பிக் கொடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா ஏட்டின் கைக்கு ஒரு சாண் தள்ளி நீட்டப்பட்டிருந்தது.

வராந்தாவில் அவர்களுடைய கட்சிக்காரர் காத்திருந்தாள். கரண்ட்காரரின் மனைவி. குள்ளமான உருவம். வலது கட்டைவிரலின் உள்பக்கத்தில் காய்த்துப்போன தோலை, ஆள்காட்டி விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். காய் நறுக்கி நறுக்கி வந்த காய்ப்பு என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள்.

"சார், போர்டு சரியா இருந்துச்சு. ஹீட்டர் இடது பக்கம்தான் இருந்துச்சு," என்றாள் அவள்.

"நீங்க பார்த்தீங்களா?"

"கூட இருந்தேன். சாமான் எடுத்துக் குடுத்தேன்."

"வீட்டுக்காரங்க?"

"கரண்ட் இருக்காதுன்னு காலையிலயே வெளியில போயிட்டாங்க. பெரியவர் மட்டும் இருந்தார். நாற்காலி போட்டுப் பார்த்துட்டே இருந்தார். டிவி பிளக்குக்கு 'ஐயா டிவி'ன்னு பேர் எழுதி ஒட்டச் சொன்னார்." குரல் இறங்கியது. "லைசென்ஸ் போச்சுன்னா எங்களுக்கு வேற வழி கிடையாது சார். எனக்கும் அவருக்கும் இது ஒண்ணுதான் தெரியும்."

பம்பரம் ஏற்கெனவே வாசல் படி இறங்கியிருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் கேட்டதும் ஒரு விநாடி நின்றார். பிறகு நடந்தார்.

ரேடியோ ஓட வேண்டியிருந்தது.

* * *

ஷாக் அடித்த அந்த வீட்டுக்கு நேரெதிரில் ஒரு தையல் கடை. தையல்காரர் காலரில் ஊசி குத்திக்கொண்டு, தெருவுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு மனிதர் எதிரில் இருந்தால் கேமராவுக்குச் செலவு செய்வது வீண்.

"கரண்ட்காரனா? அவனைப் பத்திக் கேக்காதீங்க," என்று ஆரம்பித்தார். "திங்கட்கிழமை பூரா படியில உட்கார்ந்திருந்தான். காலையில ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன், சாயங்காலம் எழுந்தான். உள்ள இருந்து பொண்டாட்டி கூப்பிட்டா போவான், பெட்டியைத் தூக்கிப் பிடிப்பான், வந்து உட்காருவான். இவன் வேலை செஞ்ச லட்சணம் இதுதான். இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அலட்சியம்னு எழுதிக்கிட்டார்."

ரேடியோவுக்கோ, கட்சிக்காரருக்காக வந்து, கட்சிக்காரரின் கழுத்துக்கே கயிறு திரிப்பது போல் இருந்தது. பம்பரம் மட்டும் கடைக்குள் மூன்றடி போய் மூன்றடி வந்துகொண்டிருந்தார். தொங்கிய துணிகளில் ஒவ்வொரு முறையும் தலை இடித்தது.

"எதிர் வீட்ல எப்பவும் இவ்வளவு அமைதியா?"

"அமைதியா! பெரியவர் காலையில ஆறரைக்கு டிவில செய்தி போடுவார் பாருங்க, காது மந்தம் அவருக்கு, தெருவே செய்தி கேக்கும். எனக்குப் பேப்பர் செலவு மிச்சம். போன வாரம்தான் ரெண்டு நாள் பாதி வாக்கியத்துல நின்னுபோச்சு. புதன்கிழமை ஒரு தடவை, வியாழக்கிழமை ஒரு தடவை. 'மந்திரி பதவி விலக'ன்னு சொல்லிட்டு நின்னுடுச்சுங்க. விலகினாரா, விலகப்போறாரா, விலக மாட்டேன்னாரா? நான் அன்னிக்குப் பூரா ஒரு பட்டன் சரியா வைக்கல."

பம்பரம் நின்றார். அவர் நிற்பது அபூர்வம். ரேடியோ கவனித்தாள்.

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை முழுசா ஓடுச்சு. மந்திரி விலகல."

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டாள். "மந்திரி விலகாததுல உங்களுக்கு என்ன பாஸ் இவ்வளவு சந்தோஷம்?"

"பழைய ஃப்யூஸ் பெட்டிக்கு ஹீட்டர்ல கரண்ட் கசிஞ்சா தெரியாது. புது போர்டுக்குத் தெரியும். காலையில ஹீட்டர் போட்டதும் டிரிப்பர் விழுந்திருக்கு, டிவியும் சேர்ந்து நின்னிருக்கு. அப்படின்னா புதன், வியாழன் ஹீட்டர் எந்தப் பக்கம் இருந்திருக்கணும்?"

"இடது பக்கம். காவல் இருக்கற பக்கம்."

"வெள்ளிக்கிழமை விழல. ஹீட்டர் திடீர்னு திருந்திடுச்சா?"

"என் புருஷனே திருந்தல, ஹீட்டரா திருந்தும்? வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவுல யாரோ கம்பியை மாத்தியிருக்காங்க." சொல்லிவிட்டு அவளே முகம் சுளித்தாள். "ஆனா பாஸ், அதுக்கும் இன்ஸ்பெக்டர் ஒரு பதில் வச்சிருப்பார். கரண்ட்காரரே வந்து மாத்தியிருக்கலாம்னு சொல்வார். பூச்சு அவருதாச்சே."

"அதனால, பூச்சைப் பார்ப்போம்."

மணி இரண்டே கால்.

* * *

கதவைத் திறந்தவன் பெரியவரின் மகன். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. சரக்குக் கிடங்கில் காலை வேலை பார்ப்பவன். ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்ததாகச் சொன்னான். காவலுக்கு விட்டிருந்த கான்ஸ்டபிள் கூடத்தில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். சனிக்கிழமையிலிருந்து மெயின் அணைக்கப்பட்டிருந்தது. மின்விசிறி இல்லாத வீட்டில் புழுக்கம் ஆளைத் தள்ளியது.

"எதுக்குங்க திரும்பத் திரும்ப? அவன்தான் ஒத்துக்கிட்டானே," என்றான் மகன்.

"ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறோம். போர்டு போட்ட நாள்லேர்ந்தே தொல்லையாமே?"

"தொல்லையா? காலையில அஞ்சு நிமிஷம் சுடுதண்ணி வேணும், பொட்டுனு எல்லாம் அணையும். அவனுக்கு ஃபோன் போட்டா பொண்டாட்டி எடுக்கறா. போர்டு அது வேலையைத்தான் செய்யுது, ஹீட்டரை மாத்துங்கன்னு எனக்கே பாடம் எடுக்கறா. கரண்ட்காரர்கிட்ட குடும்மான்னா குடுக்கல. பொம்பளை பேச்சைக் கேட்டு ஹீட்டரைக் கழட்டிப் போடுவாங்களா யாராவது?"

"அதானே," என்றாள் ரேடியோ. "நான் பஸ் நேரம் சொன்னாக்கூட பக்கத்துல இருக்கற ஆம்பளைகிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத்தான் ஏறுவாங்க. அதுக்குள்ள பஸ் போயிடும்."

நடையில் இருந்தது போர்டு. சாம்பல் நிறத் தகரப் பெட்டி. கான்ஸ்டபிள் முன்மூடியைக் கழற்றினார். இடது பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், ஒவ்வொன்றின் மேலும் நிமிர்ந்த சின்ன எழுத்தில் ஒரு பெயர்: கூடம், சமையல், மாடி லைட், ஹீட்டர், ஐயா டிவி. 'ஹீட்டர்' என்ற பெயருக்குக் கீழே கம்பி இல்லை. அதன் இரண்டு கம்பிகளும் குறுக்கே இழுக்கப்பட்டு வலது பக்கத்துக் காலி சுவிட்சில் செருகப்பட்டிருந்தன. மற்ற கம்பிகள் எல்லாம் வகிடெடுத்துச் சீவிய மாதிரி இருக்க, இவை மட்டும் தூங்கி எழுந்த தலை மாதிரி கிடந்தன.

பம்பரம் டார்ச்சை வாங்கித் திருகாணிகளின் தலையில் மெதுவாக ஓட்டினார். ஒவ்வொன்றிலும் அரக்கு நிறத்தில் மெல்லிய கோடு. இடது பக்கத்தில் ஹீட்டருக்கான இரண்டு திருகாணிகளில் கோடு இல்லை. சுரண்டிய தடம் இருந்தது. டார்ச்சு வலது பக்கம் போயிற்று. அதை ரேடியோவிடம் நீட்டினார்.

ரேடியோ குனிந்து பார்த்தாள். வலது பக்கத்தில் ஹீட்டர் கம்பிகளைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளிலும் சிவப்புக் கோடு. தூரத்தில் பார்த்தால் மற்றதைப் போலத்தான். வெளிச்சம் பட்டதும் கோட்டுக்குள் பொடிப்பொடியாக மினுங்கியது.

"பாஸ்," என்றாள் அவர் காதருகே, "எல்லாத் திருகாணியும் வேலைக்குப் போற மாதிரி இருக்கு. இது ரெண்டு மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பிடுச்சு."

"யார் வீட்டு அலங்காரம்னு பாரு."

அப்போதுதான் மருமகள் உள்ளே வந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. தலையில் போட்டிருந்த உறையின் தடம் நெற்றியில் வளையமாகப் பதிந்திருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள். ரேடியோவின் கண் முதலில் போனது அவள் கைகளுக்கு. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டு வெறுமையாக இருந்தன. துப்பு அதோடு தீர்ந்துவிட்டது என்று டார்ச்சைத் தாழ்த்தினாள்.

வெளிச்சம் தரையில் விழுந்தது. தரையில் மருமகளின் கால்கள் இருந்தன. பத்து விரலிலும் சிவப்பு. பத்திலும் மினுக்கு.

ரேடியோ டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டாள். பிறகு பழைய மைக் குரல் வந்தது.

"கலர் நல்லா இருக்கே தங்கச்சி. எந்தக் கடையில வாங்கினே?"

"போங்கக்கா, இந்த நேரத்துல." அவளுக்கு அந்தக் களைப்பிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "கையில போட்டா கம்பெனில உள்ள விட மாட்டாங்க. மாவுல உதிரும்னு சொல்வாங்க. அதான் காலோட நிறுத்திக்கிட்டேன். சனிக்கிழமை காலையில போட்டுட்டு இருக்கும்போதுதான் மாமா விழுந்த சத்தம் கேட்டுச்சு."

"பாட்டிலைக் காட்டேன். எனக்கும் ஒண்ணு வாங்கணும்."

"காணோம்க்கா. ஜன்னல்லதான் வச்சேன். நான் மாமாகூட ஆம்புலன்ஸ்ல போயிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து தேடறேன், பாட்டிலைக் காணோம்."

"சனிக்கிழமை வீட்ல யார் இருந்தா?"

"இவர் மட்டும்தான். கதவைப் பூட்டிட்டுப் பின்னாடி வரேன்னார்."

"உள்ள போ நீ," என்று மகன் கத்தினான். "எங்கப்பா சாகக் கிடக்கறார், நகப்பூச்சுப் பேச்சு என்ன வேண்டிக்கிடக்கு?"

அவள் போகவில்லை. கணவனைப் பார்த்தாள். திறந்து கிடந்த போர்டைப் பார்த்தாள். டார்ச்சு வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்ன பண்ணீங்க நீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல! ஊர்ல ஒரு பாட்டில்தான் இருக்கா? அவன் பூச்சுதான்னு அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். போய் அதைப் பாருங்க!"

பம்பரம் டார்ச்சை வாங்கி அணைத்தார். "அதைத்தான் பார்க்கப் போறோம். நீங்களும் வாங்க. தங்கச்சி, நீங்களும் வரணும். செருப்பு போட்டுக்கலாம், மூடின ஷூ வேண்டாம்."

* * *

மூன்று நாற்பது. ஜீப்பை ஏற்கெனவே வாசலில் திருப்பி நிறுத்தியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மருமகளின் கால் விரல்களைப் பார்த்தார். கான்ஸ்டபிள் செல்ஃபோனில் எடுத்து வந்த திருகாணிப் படத்தைப் பார்த்தார். கைப்பற்றிய கருவிப் பையிலிருந்து அரக்கு நிறப் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கால் விரலைக் காட்டி கேஸை மூடச் சொல்றீங்க. ஒருத்தர் ரெண்டு பாட்டில் வச்சிருக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமை அவரே வந்து கம்பியை மாத்தியிருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் மேல, இது என் பூச்சுதான்னு கண்ணால பார்த்துச் சொன்னவர் அவர். தப்பு பண்ணாதவன் எதுக்குச் சொல்லணும்?"

மகன் நிம்மதியாக மூச்சு விட்டான்.  இன்ஸ்பெக்டர் கேட்பதில் நியாயம் இருந்தது. ஒரு மனிதன் தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்ள என்ன அவசியம்?

பம்பரம் அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல், பீரோ, மேசை. மேசையைக் கடக்கும்போது எழுத்துப் பிழைக்கு வைத்திருந்த ஒயிட்னர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். நேரே போய், பெஞ்சில் இருந்த கரண்ட்காரரின் உள்ளங்கையில் வைத்தார்.

"கரண்ட்காரரே, ஒரே ஒரு கேள்வி. இதுதானே உங்க நகப்பூச்சு?"

அறையே அந்தக் கையைப் பார்த்தது. வெள்ளைப் பாட்டில், வெள்ளை மூடி, நீல நிறத்தில் பெரிய எழுத்து. கரண்ட்காரர் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். கட்டைவிரல் மூடியின் வரிகளை மெதுவாக வருடியது. வாய் திறந்தது.

"வேண்டாம் சார். அவரைக் கேக்காதீங்க."

வராந்தாவிலிருந்து கரண்ட்காரர் மனைவி உள்ளே வந்திருந்தாள். பம்பரம் திரும்பக்கூட இல்லை. அந்தக் குரலுக்காகவே அவர் காத்திருந்தார் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீ சும்மா இரு," என்றார் கரண்ட்காரர், குரல் வந்த திசைக்கு.

"மூணு நாளா சும்மாத்தானே இருந்தேன்." அவள் கணவன் கையிலிருந்த பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். "அவருக்குக் கண்ணு தெரியாது சார். மூணு வருஷமா நடுவுல ஒரு கறுப்பு விழுந்துபோச்சு. ஓரமா ஆள் நிழல் மாதிரி தெரியும், முகம் தெரியாது. நேத்து பூச்சைப் பார்க்கல, தடவினார். கோடு தட்டுப்பட்டுது, என்னுதுன்னு சொல்லிட்டார். தெரியலன்னு சொன்னா கண்ணு விஷயம் வெளிய வரும், லைசென்ஸ் போயிடும்."

"கண்ணு தெரியாத ஆள் போர்டு போட்டாரா?" இன்ஸ்பெக்டரின் குரல் ஏறியது.

"அவர் போடல. நான் போட்டேன்."

ரேடியோவுக்குப் படியில் உட்கார்ந்திருந்த மனிதர் ஞாபகம் வந்தார். காதுக்குப் பக்கத்தில் பார்த்த பார்வை, கோட்டை விட்டு ஏறிய கையெழுத்து, ஒரு சாண் தள்ளி நீட்டிய பேனா. அந்தக் கட்டைவிரல் காய்ப்பு காய் நறுக்கி வந்ததில்லை, கம்பித் தோல் உரித்து வந்தது. எல்லாம் கண்முன்னாலேயே இருந்தது. பார்த்துப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மூணு வருஷமா. அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் அவர்கூட நின்னு கத்துக்கிட்டேன். லைசென்ஸ் அவர் பேர்ல, வேலை என் கையில."

"ஏம்மா, நீயே ஒரு லைசென்ஸ் எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா, அப்ப உன் புருஷனுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க சார்." இதை மெதுவாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த செல்ஃபோன் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மற்றதைச் சத்தமாகச் சொன்னாள். "திங்கட்கிழமை ஹீட்டரை இடது பக்கம் நாலாவதுல மாட்டினேன். டிரிப்பர் பட்டனை அழுத்திப் பார்த்தேன், விழுந்துச்சு. பெரியவரையும் அழுத்த வச்சேன், விழுந்துச்சு, அவர் கைதட்டினார். என் பூச்சு அரக்கு. மினுக்கு கிடையாது. அந்த மினுக்குத் தூள் எதுல செஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்? தகரமாக்கூட இருக்கலாம். கரண்ட் பெட்டிக்குள்ள அதை எந்தக் கரண்ட்காரனும் போட மாட்டான். வீடியோ பார்த்துக் கம்பி மாத்தறவன்தான் போடுவான்."

அவள் மகனின் பக்கம் திரும்பினாள்.

"புதன்கிழமை ஃபோன்ல உங்ககிட்ட பேசினது நான்தான். ஹீட்டர் உள்ள கசியுது, மாத்துங்க, போர்டைத் தொடாதீங்கன்னேன். கரண்ட்காரர்கிட்ட குடுன்னீங்க. கரண்ட்காரர்கிட்டதான் தம்பி பேசிட்டிருந்தீங்க."

மகன் நாற்காலியைத் தேடினான். கிடைக்கவில்லை. சுவரோரமாகக் குந்தினான். மருமகள் அவன் பக்கம் போகவில்லை.

"நான் ஆஃப் பண்ணிட்டுதான் குளிப்பேன்," என்றான் தரையைப் பார்த்து. "தண்ணி சுட்டதும் ஆஃப் பண்ணிடுவேன். கம்பியை மாத்தினப்புறம் வெள்ளிக்கிழமை ஒண்ணும் ஆகல. அப்பாகிட்ட சொல்லணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அவர் விழுந்ததும் முதல்ல போர்டுகிட்டதான் போனேன். மெயினை அணைக்க. அப்புறம் கையில பாட்டில் இருந்துச்சு," என்றான்.

 வெளியே ஜீப் டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். மணி நான்கு.

இன்ஸ்பெக்டர் பழைய வாக்குமூலத்தை எடுத்து நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டார். ஏட்டு புதுக் காகிதம் வைத்தார். "உண்மையைச் சொன்னீங்க, சரி. ஆனா லைசென்ஸ் இல்லாம வேலை செஞ்சதை நான் எழுதித்தான் ஆகணும் அம்மா. அதுக்குத் தனியா நடவடிக்கை வரும். அவர் லைசென்ஸும் நிக்காது."

"தெரியும் சார்."

"இன்னொண்ணு. அந்த வீட்ல மெயினைப் போடணும். அந்த ரெண்டு கம்பியை யார் பழையபடி மாத்தறது?"

"லைசென்ஸ் இருக்கற யாரையாவது கூப்பிடுங்க," என்றாள். "ஹீட்டரை மாத்தாம மெயினைப் போட வேண்டாம்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சொன்னா கேக்க மாட்டாங்க."

இந்த இடத்தில் ரேடியோ ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பம்பரம்கூட எதிர்பார்த்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் மேசையிலிருந்த பேனாவை ஏட்டின் பக்கம் நகர்த்தினாள்.

ஏட்டு எழுதி முடித்துக் காகிதத்தைக் கரண்ட்காரர் முன்னால் வைத்தார். மேற்படியாருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது என்பதுதான் முதல் வரி. கரண்ட்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். வழக்கம்போலக் குத்துமதிப்பாகக் கையைக் கொண்டு போகவில்லை. அப்படியே நிறுத்தினார்.

"எங்க போடணும்?" என்று கேட்டார், எல்லோர் முன்னாலும்.

அவள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள்.

"இங்க."

இந்த முறை கையெழுத்து கோட்டின் மேல் நேராக உட்கார்ந்தது. ரேடியோ நிமிர்ந்து பார்த்தபோது பம்பரம் அறையில் இல்லை. அவர் வாசலில் செருப்புக்குள் பாதிக் காலை விட்டபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.